உங்களுக்குத் தெரியுமா? மூணு ஏழும் 365 படியும்

★ திருத்தணி மலைக்கு 365 படி. ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் பஜனைக் கோஷ்டிகள் படிக்கு ஒரு பாட்டாகத் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும். அந்தப் படிகளை இங்கே வேறொரு கணக்குக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பிக்கை.

மனசுக்குள் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 52 சீட்டையும் நன்றாகக் குலுக்கி, மூன்றே மூன்று சீட்டு எடுங்கள். மூன்றும் ஒரே எண்ணாக, மூணு ஏழு, மூணு ராணி, மூணு ஆஸ் என்று விழுந்தால் அதுதான் ‘ட்ரெயில்’. அது விழுவது 425-க்கு ஒரு முறை. படியோ 365. ஆக, நூறு பேர் இப்படி எடுத்துக்கொண்டே ஏறினால், ஏறக்குறைய 42 பேர் ஒரு ட்ரெயிலைக்கூடப் பார்க்காமல் உச்சிக்குப் போய்ச் சேர்வார்கள்.

இதையே ஐந்து சீட்டு போக்கருக்கு மாற்றினால் கதையே வேறு. ஒரே எண்ணில் மூன்று, மற்ற இரண்டும் தனித்தனி என்ற கை (‘த்ரீ ஆஃப் எ கைண்ட்’) 47-க்கு ஒரு முறை வரும். அடிவாரத்திலிருந்து கோபுரம் போவதற்குள் சராசரியாக ஏழெட்டு முறை பார்த்துவிடலாம். சீட்டு இரண்டு கூடியதும் அபூர்வம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

★ இந்த எண்களை யாரும் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பென்சிலும் காகிதமும் போதும்.

ஏழு என்று எடுத்துக்கொள்வோம். கட்டில் நான்கு ஏழு: இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர். நான்கில் மூன்றை எடுப்பதற்கு நான்கே வழி, ஏனென்றால் எதை விடுகிறோம் என்பதுதான் கேள்வி. இப்படி 13 எண்கள். 13-ஐ 4-ஆல் பெருக்கினால் 52. மூன்று சீட்டு ஆட்டத்தில் வரக்கூடிய மொத்தக் கைகள் 22,100. அதில் ட்ரெயில் இந்த 52 மட்டும்தான்.

ஐந்து சீட்டு என்றால் மீதி இரண்டு சீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவை வெவ்வேறு எண்ணாக இருக்க வேண்டும், மூன்றாக வந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது. மீதமுள்ள 12 எண்ணில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 66 வழி. ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு சாதி என்பதால் 16. ஆக 52 × 66 × 16 = 54,912. மொத்தக் கைகள் 25,98,960.

ஒற்றை ஜோடிக் கைகள் 10,98,240. அதை 54,912-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் சரியாக 20 வரும்.

★ மூன்று சீட்டு ஆட்டமான தீன்பத்தி ஆடுகிறவர்களுக்கு ட்ரெயில்தான் ராஜா. அதற்கு மேல் கையே கிடையாது. அடுத்த இடம் ஒரே சாதியில் வரிசையாக மூன்று, அதாவது பியூர் சீக்வென்ஸ். ஆனால் எண்ணிப் பார்த்தால் பியூர் சீக்வென்ஸ் 48-தான் உண்டு. ஆஸ்-2-3 முதல் ராணி-ராஜா-ஆஸ் வரை 12 வரிசை, நான்கு சாதி. ட்ரெயில் 52. அரிதாக வருவது எதுவோ அதுதான் பெரிது என்பது சீட்டாட்டத்தின் பொது நியாயம். அந்த நியாயப்படி பார்த்தால் ட்ரெயில் இரண்டாம் இடத்துக்கு இறங்க வேண்டியது. தலைமுறை தலைமுறையாகத் தீபாவளி இரவுகளில் ஆடுகிறவர்கள் யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேசினோக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அவர்களுடைய மூன்று சீட்டு போக்கரில், 48 வழி உள்ள வரிசைதான் 52 வழி உள்ள மூன்றை அடிக்கும். காசு வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கு நான்கு வழி வித்தியாசம்கூடக் கண்ணில் படும்.

இன்னொரு தலைகீழும் இதில் உண்டு. ஐந்து சீட்டில் ஒரே சாதி ஐந்து (ஃபிளஷ்) வரிசையை (ஸ்டிரெய்ட்) அடிக்கும். மூன்று சீட்டில் வரிசைதான் ஒரே சாதி மூன்றை (கலர்) அடிக்கும். வரிசை 720 வழி, கலர் 1,096 வழி. இரண்டு ஆட்டமும் ஆடிப் பழகியவர்கள் அவசரத்தில் சண்டைக்கு நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

★ சும்மா ஒரு வேடிக்கை. மூன்று சீட்டு ஆட்டத்தில் ஜோடி வரும் வழிகள் 3,744. ஐந்து சீட்டு போக்கரில் மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் வரும் வழிகளும் அதே 3,744. ஒன்று கடைநிலைக் கைக்கு ஒரு படி மேலே, மற்றது கிட்டத்தட்ட சிகரம்.

★ தீன்பத்தியின் மூதாதை இங்கிலாந்தின் ‘பிராக்’. அங்கே மூணு ஆஸைவிட மூணு மூன்றுக்குத்தான் மரியாதை அதிகம். மூன்று சீட்டு ஆட்டத்தில் மூன்றே மூன்றாக வந்தால் அதற்கு மேல் எதுவுமில்லை என்று வைத்துவிட்டார்கள்.

★ தீன்பத்தியைத் தமிழ் பேசுகிறவர் ‘மூணு சீட்டு’ என்பார், தெலுங்கு பேசுகிறவர் ‘மூடு முக்கலாட்ட’ என்பார். திருத்தணி மாதிரி ஊரில் இரண்டும் காதில் விழும். ஆந்திரத்தின் நகரி பக்கத்தில்தானே இருக்கிறது!

இந்த ஊருக்கே ஒரு ‘கைமாற்று’ வரலாறு உண்டு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைச் சிக்கலைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர் கொடுத்த பரிந்துரை, 1959-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. இதில் சீட்டு எங்கே வருகிறது என்கிறீர்களா? ஆந்திரத்தில் இருந்த அந்த ஆறரை ஆண்டும் சரி, அதற்கு முன்னும் பின்னும் சரி, இங்கே காசு வைத்துச் சீட்டாடியவர்களைப் பிடிக்கப் போலீஸ் பிரயோகித்தது ஒரே சட்டத்தை: 1930-ஆம் ஆண்டின் மெட்ராஸ் கேமிங் சட்டம். அது மாகாணக் காலத்துச் சட்டம். ஆந்திரப் பகுதியிலும் 1974-ல் தனிச் சட்டம் வரும்வரை அதுவே ஓடியது. எல்லைக்கோடு இரண்டு முறை நகர்ந்தது, சட்டப் புத்தகம் நகரவில்லை.

★ மூணு சீட்டுக்கு உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு பேர் உண்டு, நல்ல பேர் இல்லை. 1963-ல் செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு மேலே மேலே போய் 1967-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவு வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார். அதே மூச்சில், ஃபிளஷ், பிராக் என்றெல்லாம் அழைக்கப்படும் மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒதுக்கினார். ரம்மியையும் முழுசாக விட்டுவிடவில்லை. பந்தயப் பணத்திலிருந்து கிளப் லாபம் பார்த்தால் அது குற்றமே என்றும் தீர்ப்பில் இருக்கிறது. ரம்மிக்காக வாதாடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம்.

போக்கருக்கு இன்றுவரை அப்படி ஒரு தெளிவு கிடைக்கவில்லை. நாகாலாந்து 2015-ல் சட்டம் போட்டுத் திறமை ஆட்டப் பட்டியலில் சேர்த்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் சூதாட்டம் என்றது. நாடு ஒன்று, சீட்டுக்கட்டு ஒன்று!

★ இனி ஆட்டத்துக்கு வருவோம். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. ஐந்து சீட்டு மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கும். முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரே எண்ணில் மூன்று இரண்டு விதமாக அமையும். பெயரும் வேறு, குணமும் வேறு.

உங்கள் கையில் இஸ்பேட் ஏழும் டைமன் ஏழும் இருக்கிறது. மேசையில் ஆட்டின் ராஜா, கிளாவர் ஏழு, இஸ்பேட் இரண்டு. இது ‘செட்’. மூன்றில் இரண்டு உங்கள் கைக்குள் ஒளிந்திருக்கிறது. ராஜா வைத்திருக்கும் எதிராளி தன் ராஜா ஜோடிதான் பெரிது என்று நினைத்துப் பணத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பார். மேசையைப் பார்த்து உங்கள் கையை யாராலும் மோப்பம் பிடிக்க முடியாது.

இப்போது மாற்றிப் பாருங்கள். உங்கள் கையில் ஏழும் ஒன்பதும். மேசையில் இரண்டு ஏழு, ஒரு ராணி. இது ‘ட்ரிப்ஸ்’. எண்ணிக்கையில் அதே மூணு ஏழு. ஆனால் மேசையில் ஜோடி கிடப்பது ஊருக்கே தெரியும். நான்காவது ஏழை வைத்திருப்பவரும் எதிரே இருக்கலாம். அவருடைய இன்னொரு சீட்டு ஆஸ் என்றால் உங்கள் ஒன்பது செல்லாது. துணைச் சீட்டான ‘கிக்கர்’ பெரிதாக இருப்பவருக்கே பந்தயப் பணம். செட்டில் இந்தக் கிக்கர் தலைவலியே கிடையாது, ஏனென்றால் அதே எண்ணில் மூன்றை இன்னொருவர் வைத்திருக்கவே முடியாது.

இந்த இரண்டையும் ஒரே மாதிரி ஆடுகிறவரைப் பழைய ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் இனம் கண்டுகொள்வார்கள்.

★ கையில் ஜோடி வைத்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருக்கும்போது ஃபிளாப்பில் அது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 11.8. எட்டரைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முறை போனால் ஏழு முறை வெறுங்கை. அந்த ஏழு நஷ்டத்தையும் அடைத்து மேலே மிச்சம் வர வேண்டுமானால், ஒரு முறை விழும்போது பெரிய தொகை கிடைத்தாக வேண்டும். அதனால்தான் சின்ன ஜோடிகளோடு உள்ளே போகிறவர்கள், கட்ட வேண்டிய தொகையைப் போல் பத்துப் பதினைந்து மடங்காவது எதிராளி முன்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போவார்கள். எதிராளியிடம் சில்லறைதான் மீதி என்றால் செட் விழுந்தும் பிரயோஜனமில்லை.

விழுந்த பிறகு செய்யும் பெரிய தப்பு, சந்தோஷத்தில் அடக்கி வாசிப்பது. மேசையில் ராஜா, ஏழு, இரண்டு என்று சம்பந்தமில்லாமல், மூன்றும் வெவ்வேறு சாதியாகக் கிடந்தால் கொஞ்சம் அடங்கி இருக்கலாம். ஆட்டினில் எட்டும் ஒன்பதும், பக்கத்தில் ஏழும் கிடக்கும்போது அடங்கி இருப்பது அசட்டுத்தனம். ஒரே சாதியில் நான்கு சேர்த்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கு, மீதி இரண்டு சீட்டில் அது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 35. அவருக்கு இலவசமாகச் சீட்டு காட்டாமல் விலை வைக்க வேண்டும். உங்கள் பக்கமும் நம்பிக்கை உண்டு: செட் ஃபுல் ஹவுஸாகவோ நான்காகவோ வளரும் வாய்ப்பு மூன்றுக்கு ஒன்று. டர்னில் ஏழு சீட்டு உதவும். டர்ன் வீணாய்ப் போனாலும் ரிவரில் பத்து சீட்டு உதவும்.

★ மூன்றுக்கு உலகக் கோப்பையே வாங்கிக் கொடுக்கத் தெரியும். 2009 வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டியில் 6,494 பேர். இறுதி மேசையில் ஜோ கடா என்ற 21 வயது இளைஞர் ஒரு கட்டத்தில் சில்லுகள் கரைந்து ஏறக்குறைய வெளியே போகும் நிலையில் இருந்தார். ஜெஃப் ஷுல்மனிடம் ஜாக்கி ஜோடி இருந்தபோது இவர் வெறும் மூன்றின் ஜோடியோடு மொத்தத்தையும் தள்ளினார். மூன்றாவது மூன்று விழுந்தது. பிறகு அந்துவான் சவ்விடம் ராணி ஜோடி. இவரிடம் கட்டிலேயே சின்னதான இரண்டின் ஜோடி. மூன்றாவது இரண்டும் விழுந்தது. இப்படிப் போய் மாட்டுகிற சின்ன ஜோடி பிழைப்பது ஐந்துக்கு ஒரு முறைதான். இரண்டு முறையும் பிழைக்க இருபத்தைந்துக்கு ஒன்று. பரிசு 85 லட்சம் டாலருக்கு மேல். முந்தைய ஆண்டு 22 வயதில் வென்ற பீட்டர் ஈஸ்ட்கேட்டின் இளவயதுச் சாதனையும் உடைந்தது.

அது திறமையா என்று கேட்டால், அந்த இரண்டு கையையும் காட்டி இல்லை என்பேன். சில ஆண்டுகள் கழித்து அதே தொடரில் வேறு போட்டிகளில் அவர் மேலும் பட்டங்கள் வென்றதைக் காட்டி ஆமாம் என்பேன். வழக்காடுகிறவர்களுக்கு இரண்டுமே உதவும்.

★ ஃபிளாப்பில் மூன்று சீட்டும் ஒரே எண்ணாக விழுந்தால் மேசையில் இருக்கும் எல்லோருக்குமே ‘மூன்று’ வந்துவிட்டது. ஆகவே யாருக்கும் வரவில்லை என்று பொருள். கையில் ஜோடி இருப்பவர் ஃபுல் ஹவுஸ்காரர் ஆகிவிடுவார். நான்காவது அதே எண் கையில் இல்லாத மற்றவர்களுக்குக் கையிலுள்ள பெரிய சீட்டுதான் பேசும்.

★ ஜோக்கர் உள்ளே வந்தால் கணக்குப் புத்தகமே குழம்பிவிடும். இது கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த புதிர்.

52 சீட்டோடு எந்தச் சீட்டாகவும் மாறக்கூடிய ஒரு ஜோக்கரைச் சேருங்கள். கையில் ஒரு ஜோடி, இரண்டு உதிரி, ஒரு ஜோக்கர் வந்தால் என்ன செய்வீர்கள்? ஜோக்கரை ஜோடியோடு சேர்த்து மூன்றாக்குவீர்கள், ஏனென்றால் மூன்று இரட்டை ஜோடியை அடிக்கும். இப்படி எல்லோரும் செய்வதால் மூன்று வரும் வழிகள் 54,912-லிருந்து 1,37,280 ஆகிவிடுகின்றன. இரட்டை ஜோடியோ பழைய 1,23,552-லேயே நிற்கிறது. ஆக, இரட்டை ஜோடிதான் இப்போது அபூர்வம். நியாயப்படி அதைத்தானே மேலே வைக்க வேண்டும்?

சரி, மாற்றி வைப்போம். உடனே அதே ஜோடி-ஜோக்கர் கையை எல்லோரும் இரட்டை ஜோடியாக்கிக் காட்டுவார்கள். இரட்டை ஜோடி 2,05,920-க்கு ஏறிவிடும். மூன்று மறுபடி 54,912-க்கு இறங்கிவிடும். மறுபடி மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் வைத்தாலும் வைத்த மாத்திரத்தில் தப்பாகிவிடும். இதற்குத் தீர்வே இல்லை. ஜோக்கர் போட்டுப் போக்கர் ஆடுகிறவர்கள் பழைய வரிசையையே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

★ ‘மூணு சீட்டு’ என்று சொன்னால் பலருக்கு நினைவு வருவது தீன்பத்தி இல்லை, திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆள்தான். மூன்று சீட்டைக் கவிழ்த்து மாற்றி மாற்றிப் போட்டு “ராணி எங்கே?” என்பார். அது ஆட்டமே இல்லை. வலக்கையில் இரண்டு சீட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்திருப்பார். கீழே இருப்பது ராணி. போடும்போது கீழ்ச் சீட்டுதான் முதலில் விழும் என்று கண் எதிர்பார்க்கும். அவர் விரல் மேல் சீட்டை வழுக்கி விட்டிருக்கும். நீங்கள் கடைசிவரை பின்தொடர்வது வேறு சீட்டை. பக்கத்தில் நின்று நூறு ரூபாய் ஜெயித்துக் குதிப்பவர் கூட்டாளி. ராணியின் முனை லேசாக மடங்கியிருப்பதை உங்கள் காதில் சொல்பவரும் கூட்டாளிதான். அடுத்த சுற்றில் மடிப்பு வேறு சீட்டுக்கு மாறியிருக்கும்.

★ ஆன்லைன் பக்கம்: ஆந்திரா 2020 செப்டம்பரில் பணம் வைத்த ஆன்லைன் ரம்மி, போக்கரைத் தடை செய்தது. தமிழ்நாடு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதிய மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் திறமை ஆட்டங்களான ரம்மிக்கும் போக்கருக்கும் தடை செல்லாது என்றது. பிறகு நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக் கூடாது என்ற விதி. கடைசியில் 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனையையும் தடை செய்தது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை.

★ வீட்டில் காசில்லாமல் ரம்மி ஆடுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு கட்டு கலந்த 13 சீட்டு ஆட்டத்தில் இஸ்பேட் ஏழு, ஆட்டின் ஏழு என்று ஜோடி வைத்திருந்தால், செட் முடிக்க உதவும் சீட்டு நான்கு: டைமன் ஏழு இரண்டு, கிளாவர் ஏழு இரண்டு. இன்னொரு இஸ்பேட் ஏழு வந்தால் உதவாது, செட்டில் ஒரே சாதி இரண்டு முறை வரக் கூடாது. இஸ்பேட் ஏழு, இஸ்பேட் எட்டு வைத்திருந்தாலும் உதவும் சீட்டு நான்குதான்: ஆறு இரண்டு, ஒன்பது இரண்டு. எண்ணிக்கை சமம், பலன் சமமில்லை. பின்னது முடிந்தால் ‘லைஃப்’ எனப்படும் வரிசை. ஜோக்கர் இல்லாத லைஃப் கையில் இல்லாமல் மூணு ராஜாவை அழகாக அடுக்கி வைத்திருக்கும்போது எதிராளி ஷோ காட்டிவிட்டால், அந்த மூணு ராஜாவுக்கும் முப்பது பாயிண்ட் உங்கள் தலையில்.